ஆப்ட் வழியாகப் போட்ட மென்பொருள் எந்தக் கோப்புறையில் இருக்கும்? சேலத்திலிருந்து ஏற்காட்டுக்குக் கொண்டுபோகணும்

தறிவீட்டுப்பையன் | புதன், இரவு 9.40

எல்லாருக்கும் வணக்கம். நான் சேலம் அம்மாப்பேட்டை. லினக்ஸுக்கு வந்து ஒரு வருஷம்தான் ஆகுது, தப்பா கேட்டிருந்தா திருத்துங்க.

என் அத்தை ஏற்காட்டுல நாகலூர் பக்கம் இருக்காங்க. ஓய்வு பெற்ற டீச்சர். அவங்க வேலை பார்த்த பள்ளிக்கூடத்தோட பழைய ஆண்டு மலர்கள் ஒரு பெட்டி நிறைய வச்சிருக்காங்க. எல்லாம் அச்சுக் கோத்து அடிச்ச புத்தகம். செல்லரிக்கறதுக்கு முன்னாடி அதைத் தட்டச்சு எழுத்தா மாத்திடணும்னு ரொம்ப நாளா சொல்லிட்டிருக்காங்க. படத்திலிருந்து எழுத்தைப் படிக்கிற டெசராக்ட்டைப் பத்திக் கேள்விப்பட்டு, என்னோட உபுண்டு 24.04-ல ஆப்ட் (மென்பொருள் கட்டுகளை, அதாவது பொதிகளை, இணையத்திலிருந்து இறக்கி நிறுவுற கருவி) வழியா டெசராக்ட்டும் அதோட தமிழ்ப் பொதியும் போட்டுப் பார்த்தேன். நல்லாவே படிக்குது.

அத்தையோட பழைய மடிக்கணினி போன வருஷம் சரி பண்ண இங்கதான் வந்திருந்தது. அப்பவே டெசராக்ட்டைப் போட்டுட்டேன், ஆனா தமிழ்ப் பொதியைப் போட மறந்துட்டேன். இப்ப அது மலை மேல இருக்கு. வீட்டு வாசல் பலா மரத்தடியில நின்னா பேச மட்டும் சிக்னல் கிடைக்கும், இணையம் கிடையாது. அதனால இங்கிருந்து பென் டிரைவ்ல எடுத்துட்டுப் போகலாம்னு பார்க்கறேன்.

பிரச்சினை என்னன்னா, போட்டது எங்க இருக்குன்னே தெரியல. விண்டோஸ்ல 'புரோகிராம் ஃபைல்ஸ்'னு ஒரு இடம் இருக்கும், நிறுவும்போதே எந்த ஃபோல்டர்னு கேட்கும். இங்க எதுவும் கேட்கல. ஹோம்ல இல்ல, /ஓபிடி கோப்புறையில இல்ல. நிரல் எங்க இருக்குன்னு காட்டுற விச் கட்டளையில பொதியோட பேரைக் கொடுத்தா ஒரு வரி கூட வரல.

ஒரு வேண்டுகோள்: கட்டளைகளைத் தமிழ் எழுத்துலயே, எழுத்தெழுத்தா உச்சரிக்கிற மாதிரி எழுதிக் கொடுங்க. அத்தைக்கு ஃபோன்ல அப்படியே படிச்சுச் சொல்லணும், அவங்க அங்க தட்டுவாங்க.


ஐந்துரோடு | புதன், இரவு 10.05

இதுக்கு ஒரே வரி போதும் நண்பா. தமிழ்த் தரவுக் கோப்போட பேர் 'டிஏஎம்.டிரெய்ன்ட்டேட்டா'. அதைத் தேடு:

சுடோ ஃபைண்ட் / -நேம் "டிஏஎம்.டிரெய்ன்ட்டேட்டா"

எங்க இருக்கோ அந்தப் பாதை வந்துடும். 'சுடோ'ன்னா நிர்வாகி உரிமையோட ஓட்டறது. எடுத்து பென் டிரைவ்ல போட்டுக்கோ.


கோரிமேடு | புதன், இரவு 10.50

தம்பி, ஐந்துரோடு சொன்ன வழியில் கோப்பு கிடைத்துவிடும். ஆனால் உங்கள் கேள்வி "கோப்பு எங்கே" என்பது மட்டுமில்லை, "மென்பொருள் எங்கே போய் உட்கார்ந்தது" என்பது. அதற்குத் தேட வேண்டியதில்லை. கேட்டால் போதும்.

கல்யாண வீட்டை நினைத்துக்கொள்ளுங்கள். தாய்மாமன் வீட்டிலிருந்து சீர் வருகிறது. குத்துவிளக்கு பூஜை அறைக்குப் போகும், பாத்திரம் சமையல்கட்டுக்கு, புடவை பீரோவுக்கு. தாய்மாமன் சீரெல்லாம் ஒரே மூலையில் இருக்கிறதா என்று பார்த்தால் இருக்காது. ஆனால் மொய் நோட்டில் ஒவ்வொன்றும் எழுதியிருக்கும்.

டெபியன், உபுண்டு கணினிகளில் அந்த மொய் நோட்டை வைத்திருப்பவர் டிபிகேஜி. நீங்கள் 'ஆப்ட் இன்ஸ்டால்' என்று சொல்லும்போது ஆப்ட் செய்வது பொதியைக் கண்டுபிடித்து, அதற்கு வேண்டிய மற்ற பொதிகளையும் சேர்த்து இறக்குவது. பிரித்து வைப்பதும் கணக்கு எழுதுவதும் டிபிகேஜி. அது பொதியைப் பிரிக்கும்போது வைக்கிற ஒவ்வொரு கோப்பின் பாதையையும் /வார்/லிப்/டிபிகேஜி/இன்ஃபோ என்ற கோப்புறையில், பொதியின் பெயரோடு '.லிஸ்ட்' சேர்ந்த கோப்பில் எழுதிவிடுகிறது. அது வெறும் எழுத்துக் கோப்புதான், நீங்களே திறந்து படிக்கலாம்.

கேட்கும் விதம்:

டிபிகேஜி --லிஸ்ட்ஃபைல்ஸ் டெசராக்ட்-ஓசிஆர்-டிஏஎம்

"இந்த வீட்டார் என்னென்ன கொடுத்தார்கள்" என்பது இது. திருப்பியும் கேட்கலாம், "இந்தப் பாத்திரம் யார் கொடுத்தது" என்று:

டிபிகேஜி --சர்ச் /யூஎஸ்ஆர்/பின்/டெசராக்ட்

'டெசராக்ட்-ஓசிஆர்' என்று பதில் வரும்.

பலர் இதைச் சுருக்கமாக ஒற்றைக் கோடும் பெரிய எல்லும் போட்டு எழுதுவார்கள். ஃபோனில் சொல்வதென்றால் அது வேண்டாம். சின்ன எல் தட்டிவிட்டால் அது வேறு கட்டளை; கோப்புகளைக் காட்டாமல் பொதிகளின் அட்டவணையைக் கொட்டும். நீளமான பெயரில் அந்தக் குழப்பமே வராது.

'விச்' ஏன் ஒன்றும் சொல்லவில்லை என்றால், அது இயக்கக்கூடிய நிரலை மட்டும்தான் தேடும், அதுவும் பாதைப் பட்டியலில் (கட்டளைகளைத் தேடுவதற்கென்று கணினி வைத்திருக்கும் பட்டியல்) இருக்கும் கோப்புறைகளில் மட்டும். தமிழ்ப் பொதியில் நிரலே கிடையாது, தரவுதான். தவிர, பொதியின் பெயரும் கட்டளையின் பெயரும் ஒன்றாக இருக்க வேண்டும் என்பதில்லை. பொதி 'டெசராக்ட்-ஓசிஆர்', கட்டளை வெறும் 'டெசராக்ட்'.


தறிவீட்டுப்பையன் | புதன், இரவு 11.20

ரொம்ப நன்றிங்க ஐயா. மொய் நோட்டுன்னு சொன்னதும் புரிஞ்சுடுச்சு. லிஸ்ட்ஃபைல்ஸ் போட்டதுல இது வந்தது:

/.
/யூஎஸ்ஆர்
/யூஎஸ்ஆர்/ஷேர்
/யூஎஸ்ஆர்/ஷேர்/டெசராக்ட்-ஓசிஆர்
/யூஎஸ்ஆர்/ஷேர்/டெசராக்ட்-ஓசிஆர்/5
/யூஎஸ்ஆர்/ஷேர்/டெசராக்ட்-ஓசிஆர்/5/டெஸ்டேட்டா
/யூஎஸ்ஆர்/ஷேர்/டெசராக்ட்-ஓசிஆர்/5/டெஸ்டேட்டா/டிஏஎம்.டிரெய்ன்ட்டேட்டா

இது போக 'டாக்' கோப்புறையில உரிமம், மாற்றக் குறிப்புன்னு ரெண்டு கோப்பு. ஒரு பயம்: பட்டியல்ல /யூஎஸ்ஆரே இருக்கே. இந்தப் பொதியை நீக்கினா அந்தக் கோப்புறையையும் சேர்த்து அழிச்சுடுமா?

இன்னொண்ணு, ஏன் விண்டோஸ் மாதிரி எந்த இடம்னு நம்மைக் கேட்கல?


கோரிமேடு | வியாழன், காலை 6.15

பயப்பட வேண்டாம். போகிற வழியிலுள்ள கோப்புறைகளையும் சேர்த்து எழுதுவது அதன் வழக்கம். நீக்கும்போது வேறு எந்தப் பொதியும் பயன்படுத்தாத, காலியாகக் கிடக்கும் கோப்புறையை மட்டுமே எடுக்கும். /யூஎஸ்ஆர் ஒருநாளும் காலியாகாது.

இடம் ஏன் கேட்கவில்லை என்பது நல்ல கேள்வி. பொதி இறங்கி வருவது .டெப் கோப்பாக. ஒரு .டெப் கோப்பு என்பது உள்ளே இரண்டு சுருக்கப் பைகளைக் கொண்ட கட்டு. ஒன்றில் பொதியைப் பற்றிய விவரம், இன்னொன்றில் கோப்புகள். அந்த இரண்டாவது பையில் கோப்புகள் முழுப் பாதையோடுதான் கட்டப்பட்டிருக்கின்றன. எந்தக் கோப்பு எங்கே போக வேண்டும் என்பதைப் பொதியைக் கட்டியவர் அப்போதே முடிவு செய்துவிட்டார். நிறுவும் நேரத்தில் கேட்க ஒன்றுமில்லை. நிறுவும் முன்பே உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்கவும் முடியும்:

டிபிகேஜி --கன்டென்ட்ஸ் கோப்பின்பெயர்.டெப்

கட்டியவரும் இஷ்டத்துக்கு முடிவு செய்வதில்லை. எந்த வகைக் கோப்பு எங்கே என்பதற்கு ஒரு பொதுத் தரம் இருக்கிறது. அதன் முதல் வடிவம் 1994-ல் வந்தது, 3.0 பதிப்பு 2015-ல். இயக்கும் நிரல் /யூஎஸ்ஆர்/பின், நூலகங்கள் /யூஎஸ்ஆர்/லிப், கணினி எந்த வகையானாலும் மாறாத தரவு /யூஎஸ்ஆர்/ஷேர், அமைப்புக் கோப்புகள் /ஈடிசி, ஓடும்போது மாறிக்கொண்டே இருப்பவை /வார். 'ஷேர்' என்ற பெயரே, வெவ்வேறு வகைக் கணினிகள் பகிர்ந்துகொள்ளக்கூடியது என்பதால்தான். உங்கள் தமிழ்த் தரவு அங்கே இருப்பது அதனால்தான்.


ஐந்துரோடு | வியாழன், காலை 8.30

ஐயா சொல்றது எல்லாம் சரி. ஆனா ஒரு கோப்பு வேணும்னு வந்தவருக்கு இவ்வளவு பாடம் தேவையா? ஃபைண்ட் போட்டா அரை நிமிஷம். மொய் நோட்டுல இல்லாத கோப்பையும் அது காட்டும். டிபிகேஜி காட்டுமா?


கோரிமேடு | வியாழன், காலை 9.10

காட்டாது. அந்தக் குறையை நான் மறைக்கவில்லை. பொதி நிறுவி முடித்த பிறகு அதன் துணைக் கட்டளைகள் புதிதாக உருவாக்கும் கோப்புகள் பட்டியலில் வராது. நிரல் ஓடும்போது நம் ஹோமில் '.கான்ஃபிக்' கோப்புறைக்குள் எழுதுபவையும் வராது. நாம் கையால் கொண்டுபோய் வைத்ததும் வராது. அவற்றுக்கு ஃபைண்ட்தான் சரி.

ஆனால் ஃபைண்ட் ஒரு கோப்பைக் காட்டினால் அது யாருடையது என்று சொல்லாது. அந்தக் கோப்புக்கு நாளை ஒரு புதுப்பிப்பு வருமா, நீக்கினால் போகுமா, இன்னொரு பொதி அதை நம்பி இருக்கிறதா, எதுவும் தெரியாது. நான் இருபது வருஷம் அலுவலகக் கணினிகளைப் பார்த்துக்கொண்டேன். கிடைத்த கோப்பை எடுத்து இன்னொரு கணினியில் செருகி, ஆறு மாதம் கழித்து அது ஏன் அங்கே இருக்கிறது என்று யாருக்கும் தெரியாமல் ஒருநாள் முழுக்க உட்கார்ந்த அனுபவம் எனக்கு உண்டு. அதனால்தான் இவ்வளவு எழுதுகிறேன்.


செவ்வாப்பேட்டை அச்சகம் | வியாழன், பகல் 1.45

தம்பி, நான் செவ்வாப்பேட்டையில டிடிபி கடை வச்சிருக்கேன். பழைய விழா மலர், சங்க மலர்னு நிறையக் கொண்டுவந்து கொடுப்பாங்க, நானும் டெசராக்ட்தான் பயன்படுத்தறேன். ரெண்டு விஷயம் சொல்லணும்.

உங்க அத்தைகிட்ட இருக்கிற மலர் எந்த வருஷத்துதுன்னு பாருங்க. தமிழ்நாட்டுல எழுத்துச் சீர்திருத்த ஆணை வந்தது 1978-ல. அதுக்கு முன்னாடி அடிச்சதுல ணை, லை, ளை, னை எல்லாம் முன்னால துதிக்கை வளைஞ்ச பழைய வடிவம், ணா, றா, னா மூணும் சுழிச்ச ஒற்றை எழுத்து. அந்தப் பக்கங்கள்ல எனக்குப் பிழை அதிகமா வருது. 'வேலை'ங்கற சொல்லைப் பக்கத்துக்குப் பக்கம் வேற மாதிரி படிக்கும். தரவுக் கோப்பு சரியில்லையோன்னு நினைச்சு அதைத் தேடிட்டு அலையாதீங்க, நான் அப்படி ஒரு வாரம் அலைஞ்சேன்.

ரெண்டாவது, எழுத்துரு எங்க இருக்குன்னு தேடறவங்களுக்கும் இதே கதைதான். பொதி வழியா வந்த எழுத்துரு /யூஎஸ்ஆர்/ஷேர்/ஃபான்ட்ஸ்ல இருக்கும். வாடிக்கையாளர் கொண்டுவந்து நாம கையால போட்டது ஹோம்ல '.லோக்கல்/ஷேர்/ஃபான்ட்ஸ்'ல இருக்கும். ரெண்டையும் சேர்த்துப் பார்க்கணும்னா

எஃப்சி-லிஸ்ட் :லாங்=டிஏ

தமிழ் தெரிஞ்ச எழுத்துரு எல்லாம் பாதையோட வரும். இங்க தமிழுக்கு 'டிஏ'ன்னு ரெண்டெழுத்து, டெசராக்ட்ல 'டிஏஎம்'னு மூணெழுத்து. இதுலயும் நான் தடுமாறியிருக்கேன்.


கன்னங்குறிச்சி | வியாழன், மாலை 6.20

நான் பொறியியல் மூணாம் வருஷம். பைடெசராக்ட்டை பிப் (பைத்தான் பொதிகளைப் போடற கருவி) வழியா போட்டேன். அதுக்குள்ள தமிழ்த் தரவு இருக்கும்னு நினைச்சேன். பிப்ல கோப்புப் பட்டியல் பார்க்க

பிப் ஷோ -எஃப் பைடெசராக்ட்

போட்டுப் பார்த்தா சில பைத்தான் கோப்புகள் மட்டும்தான் இருக்கு. டெசராக்ட்டே இல்ல. அது ஏன்?


கோரிமேடு | வியாழன், இரவு 7.00

பைடெசராக்ட் ஒரு தூதுவர் மட்டுமே. கணினியில் ஏற்கெனவே இருக்கும் டெசராக்ட் நிரலைக் கூப்பிட்டு, விடையை வாங்கி உங்களிடம் கொடுக்கும். படிக்கிற வேலை அதனுடையது இல்லை. ஆகவே ஆப்ட் வழியாக டெசராக்ட்டையும் தமிழ்ப் பொதியையும் போடத்தான் வேண்டும்.

பிப்புக்கும் டிபிகேஜிக்கும் தனித்தனி நோட்டு. ஒன்று எழுதியது இன்னொன்றுக்குத் தெரியாது. அதனால்தான் டெபியன் 12 முதல் கணினியின் சொந்தப் பைத்தானுக்குள் பிப் நேராகக் கை வைத்தால் மறுக்கிறது. தனியாக ஒரு மெய்நிகர் சூழல் அமைத்து அதற்குள் போடுங்கள்.


சூரமங்கலம் சந்திப்பு | வியாழன், இரவு 9.35

மற்ற லினக்ஸ்காரர்களும் இந்த இழையைப் படிப்பார்கள் என்பதால் சுருக்கமாக:

ஃபெடோராவில் பொதியின் பெயர் 'டெசராக்ட்-லாங்பேக்-டிஏஎம்'. கேட்கும் கட்டளை 'ஆர்பிஎம் -க்யூஎல்', கோப்பிலிருந்து பொதிக்கு 'ஆர்பிஎம் -க்யூஎஃப்'. ஆர்ச்சில் 'பேக்மேன் -க்யூஎல்', திருப்பிக் கேட்க 'பேக்மேன் -க்யூஓ'. பேக்மேனில் க்யூ மட்டும் பெரிய எழுத்து. மேக்கில் ஹோம்புரூ என்றால் 'புரூ லிஸ்ட்'. ஆப்பிளின் சொந்தச் சில்லு உள்ள மேக்கில் எல்லாம் /ஓபிடி/ஹோம்புரூ கீழே, பழைய இன்டெல் மேக்கில் /யூஎஸ்ஆர்/லோக்கல் கீழே. உண்மையான கோப்பு 'செல்லார்' கோப்புறையில் இருக்கும், வெளியே தெரிவது அதற்கான இணைப்பு.

ஸ்னாப் (உபுண்டுவில் உள்ள இன்னொரு நிறுவும் முறை) வழியாகப் போட்ட நிரல் வேறு வகை. அதன் கோப்புகள் ஒரே சுருக்கக் கோப்பாக /வார்/லிப்/ஸ்னாப்டி/ஸ்னாப்ஸ்-இல் இருக்கும். /ஸ்னாப் கீழே படிக்க மட்டும் திறந்து காட்டப்படும். அதற்குள் நீங்கள் எதையும் செருக முடியாது.


தறிவீட்டுப்பையன் | ஞாயிறு, இரவு 10.15

இன்னைக்கு மலைக்குப் போயிட்டு வந்தேன். வேலை நடக்கல, மனசே சரியில்லை.

என் கணினியில இருந்த தரவுக் கோப்பை பென் டிரைவ்ல எடுத்துட்டுப் போய், அத்தையோட கணினியில அதே பாதையில வச்சேன். அங்க '5'ங்கற கோப்புறை இல்ல, அதனால நானே சுடோ போட்டு உருவாக்கினேன். ஆனாலும் 'டிஏஎம் மொழியை ஏற்ற முடியல'ன்னு பிழை வருது. அத்தை பெட்டியைத் திறந்து புத்தகத்தையெல்லாம் வெயில்ல காயவச்சு, வருஷ வாரியா அடுக்கி வச்சிருந்தாங்க. "பரவால்ல சாமி, அடுத்த வாரம் பார்த்துக்கலாம்"னு சொன்னாங்க.


செவ்வாப்பேட்டை அச்சகம் | ஞாயிறு, இரவு 10.30

கலங்காதீங்க தம்பி. அந்தப் பிழைச் செய்தி முழுசா என்ன? கடைசி வரி மட்டும் போதாது, முதல் வரிதான் முக்கியம்.


தறிவீட்டுப்பையன் | ஞாயிறு, இரவு 10.50

ஃபோன்ல படம் எடுத்து வச்சிருந்தேன் அக்கா. இப்பத்தான் முழுசா படிக்கிறேன். முதல் வரி:

"தரவுக் கோப்பைத் திறப்பதில் பிழை: /யூஎஸ்ஆர்/ஷேர்/டெசராக்ட்-ஓசிஆர்/4.00/டெஸ்டேட்டா/டிஏஎம்.டிரெய்ன்ட்டேட்டா"

அங்க 4.00-ன்னு இருக்கு. நான் 5-ல வச்சிருக்கேன். அத்தையோடது உபுண்டு 22.04.


கோரிமேடு | திங்கள், காலை 6.05

விடை அந்த முதல் வரியில் இருக்கிறது தம்பி. உபுண்டு 22.04-இல் இருப்பது டெசராக்ட் 4.1.1. அது தரவைத் தேடும் கோப்புறை 4.00. உங்கள் 24.04-இல் இருப்பது ஐந்தாம் பதிப்பு, அதன் கோப்புறை 5. பாதையை உங்கள் கணினியிடம் கேட்டீர்கள். அத்தையின் கணினியிடம் கேட்க வேண்டியிருந்தது. இதை முதல் நாளே நான் சொல்லியிருக்க வேண்டும். இரண்டும் ஒரே பதிப்புதானா என்று கேட்காமல் விட்டது என் தவறு.

அங்கே தமிழ்ப் பொதி இல்லாவிட்டாலும் ஆங்கிலப் பொதி கட்டாயம் இருக்கும், டெசராக்ட்டைப் போட்டாலே அது கூட வந்துவிடும். அதனால் அத்தையிடம் இதைத் தட்டச் சொல்லுங்கள்:

டிபிகேஜி --லிஸ்ட்ஃபைல்ஸ் டெசராக்ட்-ஓசிஆர்-இஎன்ஜி

ஆங்கிலம் எந்த வீட்டில் இருக்கிறதோ, தமிழும் அந்த வீட்டில்தான் இருக்க வேண்டும்.


ஐந்துரோடு | திங்கள், காலை 8.00

அப்ப கோப்பை 5-லிருந்து 4.00-க்கு மாத்தி வச்சா முடிஞ்சது. நாலாம் பதிப்பும் அஞ்சாம் பதிப்பும் ஒரே வகைத் தரவைத்தான் படிக்கும்.


கோரிமேடு | திங்கள், காலை 8.40

படிக்கும், உண்மைதான். அவசரத்துக்கு அப்படிச் செய்யலாம். ஆனால் /யூஎஸ்ஆர்/ஷேர் என்பது பொதி மேலாளர் நிர்வகிக்கும் இடம். அங்கே நாம் கையால் வைத்த கோப்பு நோட்டில் ஏறாது. பிறகு ஒருநாள் அந்தப் பொதியையே போட்டால் நம் கோப்பின் மேல் சொல்லாமல் எழுதிவிடும்.

சுடோ இல்லாமல் செய்யவும் வழி உண்டு. ஹோமில் ஒரு கோப்புறையில் தரவை வைத்து, டெசராக்ட்டைக் கூப்பிடும்போது '--டெஸ்டேட்டா-டிர்' என்று அந்த இடத்தைச் சொல்லலாம்.


செவ்வாப்பேட்டை அச்சகம் | திங்கள், பகல் 12.20

அந்த வழியில ஒரு சிக்கல் இருக்குங்க ஐயா. நான் அப்படித்தான் செஞ்சேன். வெறும் எழுத்துக் கோப்பு வேணும்னா வேலை செய்யும். ஆனா கடைசியில 'பிடிஎஃப்'னு போட்டா, அதைத் திறக்க முடியலன்னு சொல்லும். ஏன்னா பிடிஎஃப் ஆக்கறதுக்கான அமைப்புக் கோப்பு பழைய டெஸ்டேட்டா கோப்புறைக்குள்ள 'கான்ஃபிக்ஸ்'ங்கற உள்கோப்புறையில இருக்கு, 'பிடிஎஃப்.டிடிஎஃப்'ங்கற எழுத்துருவும் அங்கதான் இருக்கு. நாம இடத்தை மாத்திச் சொன்னதும் எல்லாத்தையும் அங்கதான் தேடும். தமிழும் ஆங்கிலமும் கலந்த பக்கம்னா ஆங்கிலத் தரவையும் சேர்த்து எடுத்து வைக்கணும்.


கோரிமேடு | திங்கள், பகல் 1.00

அருமையான தகவல் அம்மா, எனக்கு இது புதிது. அப்படியானால் பொதியாகவே கொண்டுபோவதுதான் நல்லது.


தறிவீட்டுப்பையன் | திங்கள், இரவு 9.30

ஐயா, பொதியாவே கொண்டுபோகலாம்னு /வார்/கேச்/ஆப்ட்/ஆர்கைவ்ஸ் கோப்புறையைப் பார்த்தேன். இறக்கின .டெப் எல்லாம் அங்க இருக்கும்னு எங்கேயோ படிச்சேன். என்னோடதுல காலியா இருக்கு. நான் எதையும் அழிக்கல.


சூரமங்கலம் சந்திப்பு | திங்கள், இரவு 9.55

'ஆப்ட் இன்ஸ்டால்' என்று போட்டிருப்பீர்கள். அது நிறுவி முடித்ததும் இறக்கிய .டெப்பைத் தானே நீக்கிவிடும். பழைய 'ஆப்ட்-கெட் இன்ஸ்டால்' நீக்காது, விட்டுவைக்கும். நீங்கள் படித்தது பழைய கட்டுரையாக இருக்கலாம்.

ஆனால் இருந்திருந்தாலும் பயனில்லை. உங்கள் கணினிக்கு வந்தது 24.04-க்கான பொதி. அதைக் கொண்டுபோய் 22.04-இல் நிறுவினால், பொதியைக் கட்டியவர் எழுதியபடி அது 5 என்ற கோப்புறையில்தான் போய் விழும். ஞாயிற்றுக்கிழமை நடந்ததே மறுபடி நடக்கும். பேக்கேஜஸ் டாட் உபுண்டு டாட் காம் தளத்தில் 'ஜாம்மி' என்பதைத் தேர்ந்தெடுங்கள், அதுதான் 22.04. அதில் 'டெசராக்ட்-ஓசிஆர்-டிஏஎம்' தேடி, 'ஆல்' என்ற இணைப்பில் இறக்குங்கள். சின்னக் கோப்புதான்.


கோரிமேடு | திங்கள், இரவு 10.20

இறக்கியதும் சேலத்திலேயே, மலையேறும் முன், 'டிபிகேஜி --கன்டென்ட்ஸ்' போட்டுப் பாருங்கள். பாதையில் 4.00 இருந்தால் எடுத்துக்கொண்டு கிளம்புங்கள். இல்லையென்றால் இருபது கொண்டை ஊசி வளைவும் வீண்.

அங்கே போனதும் கோப்பு இருக்கும் கோப்புறைக்குள் நின்று:

சுடோ ஆப்ட் இன்ஸ்டால் ./கோப்பின்பெயர்.டெப்

முன்னால் உள்ள புள்ளியும் சாய்கோடும் முக்கியம். அவை இல்லாவிட்டால் ஆப்ட் அதை ஒரு பொதியின் பெயர் என்று நினைத்து இணையத்தில் வந்த பட்டியலில் தேடும். முடிந்ததும்:

டிபிகேஜி --வெரிஃபை டெசராக்ட்-ஓசிஆர்-டிஏஎம்

பென் டிரைவில் எதுவும் கெட்டுப்போகாமல் வந்து சேர்ந்ததா என்று நோட்டிலுள்ள சரிபார்ப்பு எண்ணோடு ஒத்துப் பார்க்கும். ஒன்றும் சொல்லாமல் இருந்தால் எல்லாம் சரி.


ஐந்துரோடு | திங்கள், இரவு 10.40

அப்படியே போன தடவை 5-ல வச்ச கோப்பையும் எடுத்துடு தம்பி. வேற எங்கயாவது இன்னொரு பிரதி கிடக்குதான்னு நான் முதல்ல சொன்ன ஃபைண்டைப் போட்டுப் பார். வர்ற ஒவ்வொரு பாதையையும் ஐயா சொன்ன டிபிகேஜி சர்ச்ல கொடு. சொந்தக்காரர் இல்லன்னு வந்தா அது நீ வச்சது.


கோரிமேடு | திங்கள், இரவு 10.45

இதுதான் இரண்டையும் சேர்த்துப் பயன்படுத்தும் சரியான முறை. நன்றி ஐந்துரோடு.


தறிவீட்டுப்பையன் | ஞாயிறு, இரவு 8.50

ஆயிடுச்சுங்க!

காலையில முதல் பஸ்ல போனேன். சேலத்துலயே உள்ளே பார்த்துட்டேன், 4.00-ன்னு இருந்தது. அங்க நிறுவினதும் வெரிஃபை ஒண்ணும் சொல்லல. 'டெசராக்ட் --லிஸ்ட்-லாங்ஸ்' போட்டா இஎன்ஜி (ஆங்கிலம்), ஓஎஸ்டி (பக்கத்தோட திசையையும் எழுத்து வகையையும் கண்டுபிடிக்கிற தரவு) கூட டிஏஎம்-மும் வந்தது. அதைப் பார்த்ததும் அத்தை என் கையைப் பிடிச்சுட்டாங்க.

ஃபைண்ட் போட்டதுல ரெண்டு பாதை வந்தது. 4.00-ல இருக்கிறதுக்கு 'டெசராக்ட்-ஓசிஆர்-டிஏஎம்'னு சொந்தக்காரர் வந்தது. 5-ல இருக்கிறதுக்கு 'பொருந்தும் பாதை இல்லை'ன்னு வந்தது. அதை அழிச்சு, கோப்புறையையும் நீக்கிட்டேன்.

முதல்ல போட்டது 1983 மலர். தலைமையாசிரியர் அறிக்கை ஒரு பக்கம் முழுக்க, நாலஞ்சு எழுத்துதான் தப்பு. அப்புறம் 1971 மலரைப் போட்டோம். அச்சகம் அக்கா சொன்னது அப்படியே நடந்தது, 'தலைமை'யில இருக்கிற 'லை'யை ஒவ்வொரு வரியிலயும் ஒவ்வொரு மாதிரி படிக்குது. அதை அத்தை உட்கார்ந்து கையால திருத்தறேன்னு சொல்லிட்டாங்க. "நான் பரீட்சைத் தாள் திருத்தாததா"ன்னு சிவப்புப் பேனாவைத் தேடினாங்க.

கிளம்பும்போது அத்தை ஒண்ணு கேட்டாங்க, எனக்குப் பதில் தெரியல. டெசராக்ட் படிச்சு எழுதின கோப்பு எங்க போய் உட்காருது? டிபிகேஜி கிட்ட கேட்டா சொல்லுமா?


கோரிமேடு | ஞாயிறு, இரவு 9.20

ரொம்ப சந்தோஷம் தம்பி. அத்தைக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள்.

அது டிபிகேஜிக்குத் தெரியாது, அது அத்தை உருவாக்கிய கோப்பு. கட்டளை தட்டும்போது முனையத்தில் எந்தக் கோப்புறையில் நிற்கிறாரோ அங்கேதான் எழுதும். படத்தின் பெயருக்கு அடுத்து அவர் கொடுக்கும் பெயரோடு '.டிஎக்ஸ்டி' தானாகச் சேர்ந்துகொள்ளும். எங்கே நிற்கிறோம் என்று தெரியாவிட்டால் 'பிடபிள்யூடி' என்று தட்டினால் காட்டும். ஹோமில் மலர் என்று ஒரு கோப்புறை, அதற்குள் வருஷத்துக்கு ஒன்று என்று வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். ஒரே பெயரை இரண்டு பக்கத்துக்குக் கொடுத்தால் முதல் பக்கத்தின் மேலேயே எழுதிவிடும், எச்சரிக்காது. பக்க எண்ணையே பெயராகக் கொடுக்கட்டும்.


தறிவீட்டுப்பையன் | ஞாயிறு, இரவு 9.35

இப்பவே ஃபோன் பண்ணிச் சொல்லிட்டேங்க ஐயா. ஏற்கெனவே மூணு பக்கத்துக்கும் 'அறிக்கை'ன்னு ஒரே பேர்தான் கொடுத்திருக்காங்க. முதல் ரெண்டையும் மறுபடி படிக்க வைக்கறேன்னு சொன்னாங்க.